பிடித்தார்கள், விலங்கிட்டார்கள், விசாரிக்கவில்லை: ஜெஃபர்சன் டேவிஸ் வழக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்த கையோடு, அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோய்ப் போரிட்டுத் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸை வடக்கின் ஒன்றியப் படை பிடித்தது. ஒரு கடற்கரைக் கோட்டையில் இரண்டு ஆண்டுகள் அடைத்துவைத்தது. தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அவ்வளவுக்குப் பிறகும் விசாரணையே தொடங்காமல் 1869 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்ட ஒரு போருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி ஜூரியின் முன்னால் வரவே இல்லை.

இதைப் பெருந்தன்மை என்று சிலர் எழுதுகிறார்கள். கோழைத்தனம் என்று சிலர். ஆவணங்களைப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது வேறு. கைதியைப் பிடிப்பதற்கு அரசிடம் குதிரைப்படை இருந்தது, பிடித்த பிறகு என்ன செய்வது என்ற திட்டம் இல்லை. முதல் வாரத்தில் காட்டிய அவசரமும் அடுத்த மூன்றரை ஆண்டுகள் காட்டிய தயக்கமும் சேர்ந்து டேவிஸுக்கே சாதகமாக முடிந்தன. அவரால் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு இந்த வழக்கில் எதுவும் கிடைக்கவில்லை.

ரிச்மண்டிலிருந்து இர்வின்வில் வரை

டேவிஸ் சாதாரணக் கலகக்காரர் அல்ல. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், மெக்சிகோ போரில் காயம்பட்டவர், 1853 முதல் 1857 வரை அமெரிக்காவின் போர்த்துறை அமைச்சர், அப்புறம் மிசிசிப்பியின் செனட்டர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் அவருடைய பிரையர்ஃபீல்ட் பண்ணையில் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் உழைத்தார்கள். 1861 ஜனவரியில் செனட்டை விட்டு வெளியேறினார், பிப்ரவரியில் கூட்டமைப்பின் அதிபரானார்.

1865 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. ரிச்மண்டில் தேவாலய வழிபாட்டில் இருந்தவருக்கு தன் படைத்தலைவர் ஜெனரல் லீயிடமிருந்து செய்தி வந்தது: இனித் தலைநகரைக் காக்க முடியாது. அன்றிரவே அரசு ரயிலேறி டான்வில் போனது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 9 அன்று, லீ சரணடைந்தார். போர் முடிந்துவிட்டது என்று ஏறக்குறைய எல்லோருக்கும் புரிந்தது, டேவிஸ் ஒருவரைத் தவிர. கிரீன்ஸ்பரோவில் அவருடைய தளபதிகளே இனி முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. மே 2 அன்று தென் கரோலினாவின் அபவில் ஊரில், மிச்சமிருந்த குதிரைப்படைத் தலைவர்களைக் கூட்டிப் போரைத் தொடர்வது பற்றிப் பேசினார். உங்களைப் பத்திரமாக வெளியேற்றத்தான் நாங்கள் இன்னும் கூட இருக்கிறோம், போரிட அல்ல என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதே மே 2 அன்று வாஷிங்டனில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். லிங்கன் கொலைச் சதியில் டேவிஸுக்குப் பங்குண்டு, பிடித்துத் தருவோருக்கு 1,00,000 டாலர் பரிசு. வழக்கின் முதல் கோணல் இங்கேதான். போரை நடத்தியதற்காக டேவிஸ் தேடப்பட்டிருந்தால் அதற்கு ஆதாரம் தேட வேண்டியதே இல்லை, நான்கு ஆண்டுகள் உலகறிய நடத்தியிருந்தார். கொலைக்காகத் தேடப்பட்டார், அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சதியை நிரூபிப்பதாக வந்த சாட்சியங்களை ஏற்பாடு செய்தவர் சான்ஃபர்ட் கானவர் என்ற பெயரில் உலவிய ஓர் ஆள். பொய்ச்சாட்சி சொன்னதாக அவரே பின்னால் தண்டிக்கப்பட்டார்.

லிங்கன் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கதை தொடங்கியே இருக்காது என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. டேவிஸ் சத்தமில்லாமல் நாட்டைவிட்டுப் போய்விட்டால் நல்லது என்று லிங்கன் ஜாடையாக உணர்த்தியதாக ஒன்றியப் படையின் ஜெனரல் ஷெர்மன் தன் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். டேவிஸ் போகவில்லை. தனியாகக் குதிரையை விரட்டியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். முன்னால் போயிருந்த மனைவி வரீனாவும் குழந்தைகளும் வழியில் கொள்ளையரிடம் சிக்குவார்களோ என்று பயந்து, அவர்களைத் தேடிப்போய்ச் சேர்ந்துகொண்டார்.

ஜார்ஜியாவில் இரண்டு படைப்பிரிவுகள் தடம் பிடித்தன: ஹென்றி ஹார்ன்டனின் முதலாம் விஸ்கான்சின் குதிரைப்படை, பெஞ்சமின் பிரிச்சர்டின் நான்காம் மிச்சிகன் குதிரைப்படை. டப்ளின் என்ற சிற்றூரில் டேவிஸ் கடந்துபோனதை ஹார்ன்டனுக்கு இரவில் வந்து சொன்னவர் ஒரு கறுப்பினத்தவர் என்று ஹார்ன்டனே எழுதியிருக்கிறார். நகரத்து வெள்ளையர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

மே 10 விடியற்காலை, இர்வின்வில் அருகே பைன் காட்டில் முகாம் சூழப்பட்டது. டேவிஸின் ஆட்கள் எதிர்த்துப் போரிடவில்லை. ஆனாலும் துப்பாக்கி வெடித்தது. இருட்டில் மிச்சிகன் படையும் விஸ்கான்சின் படையும் ஒன்றையொன்று எதிரி என்று நினைத்துச் சுட்டுக்கொண்டன. மிச்சிகன் வீரர்கள் இருவர் இறந்தனர். போர் முடிந்து ஒரு மாதம் ஆனபிறகு, தன் பக்கத்துத் தோட்டாவுக்கே பலியான அந்த இருவரை இந்தக் கைதுக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பரிசுப் பணம் யாருக்கு என்ற தகராறோ ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பாவாடைக் கதை

பிடிபட்டபோது டேவிஸின் தோளில் மனைவியின் மழைக்கோட்டும் தலையில் அவர் போர்த்திவிட்ட சால்வையும் இருந்தன. அவ்வளவுதான் நடந்தது. அவசரத்தில் இருட்டில் எடுத்த கோட்டு என்று ஒரு தரப்பு சொன்னது, அடையாளத்தை மறைக்கத்தான் என்று மறுதரப்பு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் வடக்குப் பத்திரிகைகள் வளையம் வைத்த பாவாடையும் பெண்களின் தொப்பியும் மாட்டி அவரை வரைந்து தள்ளின. நியூயார்க்கில் பி. டி. பார்னம் தன் காட்சிக்கூடத்தில் பாவாடை கட்டிய டேவிஸ் உருவத்தையே வைத்தார். உண்மையான உடைகளோ போர்த்துறை அலுவலகத்தில் பூட்டிவைக்கப்பட்டிருந்தன. அவை கேலிப்படங்களில் இருந்ததைப் போல இல்லவே இல்லை.

1861இல் லிங்கன் பதவியேற்கப் போகும் வழியில் மாறுவேடத்தில் பால்டிமோரைக் கடந்தார் என்று பத்திரிகைகள் இதே மாதிரி கேலிப்படம் போட்டன. பகைத்தலைவனின் ஆண்மையை இழிவு செய்வது அந்தப் போர்க்காலத்துப் பழக்கம். இந்த வழக்கில் அதற்கு ஒரு விளைவும் இருந்தது. மக்கள் பாவாடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் எதற்காகப் போரிட்டார் என்ற பேச்சு பின்னுக்குப் போனது.

மன்றோ கோட்டை

மே 19 அன்று கப்பல் வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தது, 22 அன்று டேவிஸ் உள்ளே கொண்டுபோகப்பட்டார். இந்த இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

கோட்டை நிற்கும் நிலமுனையின் பெயர் பாயின்ட் கம்ஃபர்ட். 1619இல் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்குப் பிடித்துவரப்பட்ட முதல் ஆப்பிரிக்கர்கள் கரையிறக்கப்பட்டது இங்கேதான். 1861 மே 23 இரவு, கூட்டமைப்புப் படைக்குப் பீரங்கித் தளம் கட்ட அனுப்பப்பட்டிருந்த மூன்று அடிமைகள், ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட், படகை வலித்துக்கொண்டு இதே கோட்டைக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். உரிமையாளரின் சார்பில் ஓர் அதிகாரி வந்து திருப்பிக் கேட்டார். தளபதி பெஞ்சமின் பட்லர் மறுத்தார்: வர்ஜீனியா தன்னை வேறு நாடு என்கிறது, அப்படியானால் எதிரி போருக்குப் பயன்படுத்தும் உடைமையை நான் கைப்பற்றலாம், திருப்பித் தரவேண்டியதில்லை. மனிதரை உடைமை என்று ஒப்புக்கொண்டே செய்த வாதம்தான். ஆனாலும் கதவு திறந்தது. போர் முடிவதற்குள் பல்லாயிரம் பேர் கோட்டையைத் தேடி வந்து சுற்றிலும் குடியேறினார்கள்.

அதே தேதியில், சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1865 மே 23 அன்று, அந்தக் கோட்டைக்குள் டேவிஸின் கணுக்கால்களில் இரும்பு விலங்கு பூட்டப்பட்டது.

கோட்டையின் பொறுப்பிலிருந்த நெல்சன் மைல்ஸுக்கு அப்போது வயது 25. தேவைப்பட்டால் விலங்கிடலாம் என்று போர்த்துறைத் துணை அமைச்சர் சார்ல்ஸ் டேனா எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தார். டேவிஸ் அடைக்கப்பட்டது சுவரோடு சேர்ந்த ஒரு பீரங்கி அறை. வெளியே அகழி, உள்ளே இரண்டு காவலர், அடுத்த அறையில் இன்னும் காவல். மரக்கதவை மாற்றி இரும்புக்கதவு போடும்வரை முன்னெச்சரிக்கை என்று மைல்ஸ் காரணம் சொன்னார். ஐம்பத்தாறு வயது நோயாளி அந்தக் காவலை உடைத்துக்கொண்டு எங்கே ஓடியிருப்பார்? கேப்டன் ஜெரோம் டிட்லோ கொல்லர்களோடு வந்தபோது டேவிஸ் திமிறினார், காவலரின் துப்பாக்கியைப் பற்றினார். நான்கு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள விலங்கு பூட்டப்பட்டது.

செய்தி வெளியானதும் வடக்கிலிருந்தே எதிர்ப்பு வந்தது. குடியரசுக் கட்சியின் பெரும்புள்ளி தர்லோ வீட் கண்டித்துப் போர்த்துறை அமைச்சர் எட்வின் ஸ்டான்டனுக்கு எழுதினார். மே 28 அன்று விலங்கு கழற்றப்பட்டது. ஐந்து நாள்தான். அந்த ஐந்து நாளின் பலனைத் தெற்கு ஐம்பது ஆண்டுகள் அனுபவித்தது.

ஏனென்றால் 1865 வசந்தத்தில் டேவிஸ் தன் மக்களிடமே செல்வாக்கிழந்தவர். தோல்விக்குக் காரணம் அவருடைய பிடிவாதமும் தளபதிகளோடு அவர் போட்ட சண்டையும்தான் என்று தெற்குப் பத்திரிகைகள் திட்டிக்கொண்டிருந்தன. விலங்கு அதை ஒரே வாரத்தில் மாற்றிவிட்டது. நம் எல்லோருக்காகவும் அவர் துன்பப்படுகிறார் என்ற எண்ணம் பரவியது. கூட்டமைப்பு நியாயத்துக்காகப் போரிட்டுத் தோற்றது என்று பின்னால் எழுந்த புராணத்துக்கு அவர் தியாகியாகக் கிடைத்தார்.

வடக்கின் கோபம் பொய்யானதல்ல, அதையும் சொல்லவேண்டும். ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் ஏறத்தாழ 13,000 ஒன்றியக் கைதிகள் பசியிலும் நோயிலும் செத்திருந்தார்கள். எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்களின் புகைப்படங்களை மக்கள் பார்த்திருந்தார்கள். அந்த முகாமின் பொறுப்பாளர் ஹென்றி வெர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். கீழே இருந்தவனைத் தூக்கிலிட்டுவிட்டு மேலே இருந்தவரை விட்டுவிடுவதா என்று அந்தக் கைதிகளின் குடும்பங்கள் கேட்டால் யார் பதில் சொல்வது? விசாரணையில்தான் அதற்குப் பதில் இருந்திருக்க முடியும். விலங்கால் அந்தக் கேள்வியும் மங்கிப்போனது.

முதல் மாதங்கள் கடுமையானவை. இரவெல்லாம் விளக்கு எரிந்தது, காவலரின் காலடியோசை ஓயவில்லை, தூக்கமில்லை. கடிதம் கிடையாது, பைபிளும் வழிபாட்டு நூலும் தவிரப் படிக்க எதுவும் கிடையாது. கோட்டை மருத்துவர் ஜான் கிரேவன் எதிரி என்று பாராமல் கவனித்துக்கொண்டார், சலுகைகளுக்காக மேலிடத்தில் வாதாடினார், ஆண்டு முடிவதற்குள் மாற்றப்பட்டார். அக்டோபரில் ஈரம் கசியும் பீரங்கி அறையிலிருந்து காரல் ஹால் என்ற கட்டடத்துக்கு டேவிஸை மாற்றினார்கள். 1866 மேயில் வரீனா வந்து உடன் இருக்க அனுமதி கிடைத்தது. அதன்பின் நடந்தது சிறைவாசம் என்பதைவிடக் கோட்டைக்குள் கட்டுப்பட்ட வாழ்க்கை என்பதே பொருந்தும்.

இந்தக் காலத்தில் பிரையர்ஃபீல்டில் நடந்ததை டேவிஸின் வாழ்க்கைக் கதைகள் அவசரமாகக் கடந்துபோகின்றன. 1866இல் அவருடைய அண்ணன் ஜோசப், அந்தப் பண்ணையையும் பக்கத்துப் பண்ணையையும் கடன் தவணையில் பெஞ்சமின் மான்ட்கமரிக்கு விற்றார். மான்ட்கமரி அதே குடும்பத்தின் முன்னாள் அடிமை.

எந்த நீதிமன்றம், எந்த ஜூரி

அரசு புலிவாலைப் பிடித்த கதையாக நின்றது. லிங்கன் கொலையாளிகளை விசாரித்ததுபோல ராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தலாம் என்றால், கொலைக்கான ஆதாரம் சரிந்துவிட்டது. சிவில் நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களை ராணுவம் விசாரிக்கக்கூடாது என்று 1866இல் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மிஞ்சியது தேசத்துரோகம். குற்றம் எந்த மாநிலத்தில் நடந்ததோ அங்கேதான் விசாரணை என்பது அரசியல் சட்டம். தலைநகரம் ரிச்மண்ட், ஆகவே வர்ஜீனியா.

வர்ஜீனியாவின் ஜூரியில் ஒரே ஒருவர் மறுத்தாலும் தீர்ப்பு இல்லை. டேவிஸின் வழக்கறிஞர் சார்ல்ஸ் ஓ'கானர் கையில் வைத்திருந்த வாதம் எளிமையானது: மாநிலத்துக்குப் பிரிந்துபோகும் உரிமை உண்டு, மிசிசிப்பி பிரிந்ததும் டேவிஸ் அமெரிக்கக் குடிமகன் அல்ல, குடிமகன் அல்லாதவர் துரோகம் செய்ய முடியாது. ஜூரி இதை ஏற்றுவிட்டால்? போர்க்களத்தில் தோற்ற பிரிவினை நீதிமன்றத்தில் ஜெயித்துவிடும். பல லட்சம் உயிர் கொடுத்துத் தீர்த்த கேள்வியைப் பன்னிரண்டு பேரிடம் மறுபடி ஒப்படைப்பதா என்று அரசு வழக்கறிஞர்களே கலங்கினார்கள். அந்தக் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் விசாரிக்கத் துணிவில்லாத அரசு, விடுவிக்கவும் துணியாமல் ஒருவரை இரண்டு ஆண்டுகள் அடைத்துவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிபதிகளும் உதவவில்லை. மாவட்ட நீதிபதி ஜான் அண்டர்வுட் அடிமைமுறையை எதிர்த்தவர். தண்டிக்கக்கூடிய ஜூரியைப் பொறுக்கி அமைக்க முடியும் என்று நாடாளுமன்றக் குழுவிடமே சாட்சியம் சொன்னார். வழக்கின் நம்பகத்துக்கு அதைவிடப் பெரிய அடி எதிர்த்தரப்பால்கூடக் கொடுத்திருக்க முடியாது. அவரோடு அமரவேண்டிய தலைமை நீதிபதி சால்மன் சேஸ், ராணுவ ஆட்சி நடக்கும் மாநிலத்தில் தன்னால் நீதிமன்றம் நடத்த முடியாது என்று தள்ளிப்போட்டார். அப்புறம் 1868இல் ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணை அவர் தலைமையில் நடந்தது. அதே ஆண்டு அதிபர் வேட்பாளராகும் ஆசையும் அவருக்கு இருந்தது, தெற்கைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை.

இதற்கிடையே 1867 மே 13 அன்று, ரிச்மண்டில், போர்க்காலத்தில் டேவிஸின் அலுவலகம் இருந்த சுங்கக் கட்டடத்திலேயே, அண்டர்வுட் அவருக்கு 1,00,000 டாலர் ஜாமீன் வழங்கினார். ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களில் செல்வந்தர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் உண்டு. அடிமை ஒழிப்புக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த ஹொரேஸ் கிரீலியும் கெரிட் ஸ்மித்தும் உண்டு. விசாரணையின்றி யாரையும் அடைத்துவைக்கக்கூடாது என்பது அவர்கள் நிலை. கிரீலி அப்போது வெளியிட்டுக்கொண்டிருந்த போர் வரலாற்றின் விற்பனை அந்தக் கையெழுத்தால் சரிந்தது, நண்பர்களும் தூற்றினார்கள். அவர் பின்வாங்கவில்லை.

அந்த நீதிமன்றத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருந்தது. டேவிஸை விசாரிக்கத் திரட்டப்பட்ட ஜூரியில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து நிற்கும் அவர்களுடைய புகைப்படம் இன்றும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வர்ஜீனியாவில் கறுப்பர் ஒருவர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லவே சட்டம் இடம் தரவில்லை. இப்போது கூட்டமைப்பின் அதிபரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவர்கள் அழைக்கப்பட்டார்கள். இந்த வழக்கில் நடந்திருக்க வேண்டிய விசாரணை அதுதான் என்று நான் நினைக்கிறேன், முடிவு எதுவாக இருந்திருந்தாலும். அவர்கள் முன் வழக்கு ஒருபோதும் வரவில்லை.

வழக்கு முடிந்த விதம்

முடிவுக்கு வழி கொடுத்தது அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தத்தின் மூன்றாம் பிரிவு. அரசியல் சட்டத்தைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தபின் கலகத்தில் ஈடுபட்டவர்கள் பதவி வகிக்கத் தடை விதிப்பது அது. அந்தத் தடையே ஒரு தண்டனை, ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை கூடாது என்று டேவிஸ் தரப்பு வாதிட்டது. 1868 டிசம்பரில் சேஸ் அதை ஏற்றார், அண்டர்வுட் மறுத்தார். கருத்துவேறுபாடு உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. அது விசாரணைக்கு வருமுன் கிறிஸ்துமஸ் அன்று, பதவியிறங்கப் போகும் ஜான்சன் எல்லோருக்கும் பொது மன்னிப்பு அறிவித்தார். பிப்ரவரியில் குற்றப்பத்திரிகை கைவிடப்பட்டது. பிரிவினை செல்லாது என்று அதே சேஸ் ஏப்ரலில் டெக்சஸ் எதிர் ஒயிட் வழக்கில் தீர்ப்பெழுதினார். அரசு அவ்வளவு பயந்த கேள்வி, கடன்பத்திரங்கள் பற்றிய ஒரு தகராறில் விடை கண்டது.

டேவிஸ் 1889 வரை வாழ்ந்தார். தனிப்பட மன்னிப்புக் கேட்கவே இல்லை, செய்ததற்கு வருந்தவில்லை என்று மிசிசிப்பி சட்டமன்றத்தில் நின்று சொன்னார். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட தீர்மானம் அவருடைய குடியுரிமையைத் திருப்பித் தந்தது.

சேஸின் கதையில் இன்னொரு பக்கம் உண்டு. மூன்றாம் பிரிவு தானாகவே அமலுக்கு வந்துவிட்டது, ஆகவே டேவிஸ் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர் என்பதுதான் 1868இல் அவர் ஏற்ற வாதத்தின் அடிப்படை. மறு ஆண்டே அவர் முன் சீசர் கிரிஃபின் என்ற கறுப்பினத்தவரின் வழக்கு வந்தது. துப்பாக்கியால் சுட்டதற்காக அவருக்குச் சிறைத்தண்டனை விதித்த வர்ஜீனிய நீதிபதி, அதே மூன்றாம் பிரிவின்படி பதவி வகிக்கத் தகுதியற்றவர், ஆகவே தண்டனை செல்லாது என்பது கிரிஃபின் தரப்பு வாதம். அண்டர்வுட் அதை ஏற்று அவரை விடுவித்திருந்தார். சேஸ் அந்த உத்தரவை ரத்து செய்தார். மூன்றாம் பிரிவு தானாக இயங்காது, நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றினால்தான் அமலாகும் என்றார். டேவிஸ் விடுபட உதவிய வாதம் கிரிஃபினுக்கு மறுக்கப்பட்டது. 2024 மார்ச் 4 அன்று, அதே மூன்றாம் பிரிவைக் காட்டி டொனால்ட் டிரம்ப்பை மாநிலங்கள் வாக்குச்சீட்டிலிருந்து நீக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது மேற்கோள் காட்டியது கிரிஃபின் தீர்ப்பைத்தான்.